நான்காம் ஹெட் நன்றாகவே ஓடியது

என் அத்தானுக்கு ஒரு வியாதி உண்டு. பழுதாகிக் கிடக்கும் எதையும் பழுதாகவே விட்டுவைக்க அவருக்கு மனசு வராது. அக்காவைக் கட்டிக்கொண்ட புதிதில் முதல்முறை எங்கள் வீட்டுக்கு வந்தவர், வந்த கால் மணி நேரத்தில் சமையலறைக் குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டார். அப்பா "மாப்பிள்ளை, உக்காருங்க" என்று நாலு தரம் சொன்னார். மாப்பிள்ளை ஐந்தாவது தரம்தான் உட்கார்ந்தார். அதற்குள் மூன்று வருஷமாக ஒழுகிக்கொண்டிருந்த குழாய் வாயை மூடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எனக்கு மட்டும் எரிச்சல். வந்த இடத்தில் சும்மா இருக்கத் தெரியாத ஆள் என்று அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னை முறைத்தாள்.

இருபத்திரண்டு வருஷம் ஒரே தையல் கம்பெனியில் அவர் மெஷின் மெக்கானிக்காக இருந்தார். அங்கே இருந்த பெண்கள் அவரை 'ஆயில்' என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பில் எப்போதும் ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி தொங்கும். "ஆயில் வந்தாச்சு, எந்திரிங்கடி" என்று சொல்லிக்கொண்டு அவரவர் மெஷினை விட்டு எழுந்துவிடுவார்கள். அவர் குனிந்து, காதை மெஷின் பக்கத்தில் வைத்து, ஒரு திருகாணியை அரைக்கால் சுற்று சுற்றிவிட்டு நகர்ந்துவிடுவார். எதுவும் பேச மாட்டார். அவர் போனபின் அந்த மெஷின் வருஷம் பூராவும் முனகாது என்று சொல்வார்கள்.

அதே கம்பெனியில்தான் அக்காவும். அவளுக்குச் செக்கிங் டேபிள். தைத்து வருகிற சட்டைகளை ஒவ்வொன்றாக விரித்து, தையலைப் பார்த்து, நூல் நீட்டிக்கொண்டிருந்தால் வெட்டி, சரியில்லாததைத் தள்ளி வைக்க வேண்டும். பத்தொன்பது வருஷம் அதை நின்றுகொண்டே செய்தாள். அங்கே நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் வேலை மந்தமாகும் என்பது சூப்பர்வைசரின் கண்டுபிடிப்பு. அந்த சூப்பர்வைசருக்கு மட்டும் சுழலும் நாற்காலி இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் அக்காவின் இரண்டு கால்களிலும் நரம்பு சுருண்டு, நீலமாகப் புடைத்து, கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்துப்போனது. டாக்டர் இரண்டு வார்த்தைதான் சொன்னார். "இனிமே நிக்காதீங்க." நின்றால் புண்ணாகும், புண்ணானால் ஆறாது என்று விளக்கமும் சொன்னார்.

அத்தான் அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அக்காவை உட்கார வைத்தார். அப்புறம் சொன்னார்.

"நீ உக்காந்து செய்யற மாதிரி ஒரு வேலைய வீட்லயே கொண்டு வந்துடறேன்."

அப்படித்தான் எம்பிராய்டரி மெஷின் வாங்கும் யோசனை வந்தது. ஆறு ஹெட் உள்ள மெஷின். ஒரே டிசைனை ஆறு ஊசித் தலைகள் ஒரே நேரத்தில் ஆறு துணியில் போடும். மெஷினை அவர் பார்த்துக்கொள்வார். அக்கா உட்கார்ந்தபடி கம்ப்யூட்டரில் டிசைன் போடுவாள், முடிந்த துணியில் நூல் வெட்டுவாள். பள்ளிக்கூடச் சட்டைகளுக்கு பேட்ஜ் போட்டுத் தரும் ஆர்டரும் கைக்கு வந்துவிட்டது. இருவரும் ஒரே நாளில் வேலையை விட்டார்கள். கம்பெனி கொடுத்த கடைசிப் பணம் முழுவதும் மெஷினுக்குப் போனது. முன்னறையில் இருந்த கட்டிலை எடுத்துவிட்டு அந்த இடத்தைத் துடைத்து வைத்தார்கள். அன்று அக்கா ஒரு நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப்போட்டு உட்கார்ந்து பார்த்துச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து எனக்கு நினைவில்லை.

மெஷின் விற்றவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அவருக்கு வைத்த பெயர் சிரிப்புக்காரர். எது சொன்னாலும் சிரிப்பார். விலை சொல்லும்போதும் சிரிப்பார், குறைக்க முடியாது என்று சொல்லும்போதும் சிரிப்பார். நாங்கள் போனபோது அவருடைய ஷோரூமில் புத்தம் புது மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் அதை ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதே மாடல், பெட்டி பிரிக்காதது, பத்து நாள்ல வீட்டுக்கு வரும்" என்றார் சிரிப்புக்காரர். ஒப்பந்தத்திலும் 'புதிய இயந்திரம்' என்றே எழுதியிருந்தது. பத்தாவது நாள் பெட்டி வந்தது. நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று அத்தான் கையெழுத்துப் போட்டார்.

இரண்டாம் நாளே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஓட ஆரம்பித்துப் பதினைந்து நிமிஷம் ஆனதும், சூடேறியவுடன், நான்காம் ஹெட் மட்டும் தையலைத் தவறவிட்டது. நூல் அறுந்தது. மாட்டினால் மறுபடி அறுந்தது. அடிமூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கீழே ஊசியிலிருந்து நூலைப் பிடிக்கும் ஹூக் தேய்ந்திருந்தது. அதைத் தாங்கும் ஷாஃப்டில் வழவழப்பாக ஒரு பள்ளம். குறைந்தது ஏழெட்டு வருஷம் ஓடிய மெஷின். மேலே பெயின்ட் அடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

"ஏமாத்திட்டாண்டி" என்று அக்கா எனக்கு போன் செய்து அழுதாள். நான் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். அடுத்த நாளே இருவரையும் எங்கள் மேடத்திடம் அழைத்துப் போனேன்.

மேடம் ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"அவங்க வாக்கு மீறிட்டாங்க. அதுல சந்தேகமே இல்ல. இப்ப முடிவு உங்க கையில. மூணு வழி இருக்கு. மெஷினைத் திருப்பிக் கொடுத்துட்டு, ஒப்பந்தமே வேணாம், குடுத்த பணத்தைக் குடுன்னு கேக்கலாம். இல்ல, மெஷினை வச்சுக்கிட்டு, பழசுக்கும் புதுசுக்கும் உள்ள வித்தியாசத்தையும் உங்களுக்கு ஆன நஷ்டத்தையும் கேக்கலாம். அதுவும் இல்லன்னா, சொன்னபடி புது மெஷினையே கொண்டு வந்து வைன்னு கேக்கலாம். ஆனா எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதுல நிக்கணும். இன்னிக்கு ஒண்ணு நாளைக்கு ஒண்ணுன்னு மாறினா கேஸ் காத்துல போயிடும்."

அக்கா உடனே சொன்னாள். "திருப்பிக் குடுத்துடலாங்க. வர்ற காசுல ஒரு ஹெட் மெஷினாவது வாங்கிக்கலாம்."

அத்தான் கேட்கவில்லை. "எனக்கு அவன் சொன்ன மெஷின்தான் வேணும் மேடம். புதுசுன்னு சொல்லித்தான் வித்தான். புதுசைக் குடுக்கட்டும்."

எனக்கும் அதுதான் நியாயம் என்று பட்டது. நானும் தலையாட்டினேன். அக்கா என்னைப் பார்த்தாள். இன்றைக்கு நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

புறப்படும்போது மேடம் அத்தானைத் தனியாக நிறுத்திச் சொன்னார். "ஒரு விஷயம். கேஸ் முடியற வரைக்கும் அந்த மெஷின்ல ஒரு விரல் படக்கூடாது. எப்படி வந்துச்சோ அப்படியே இருக்கணும். அதுதான் நம்ம சாட்சி."

"சரிங்க மேடம்" என்றார் அத்தான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னார்.

புது மெஷின் கேட்டு நுகர்வோர் மன்றத்தில் கேஸ் போட்டோம். எட்டு மாதம் ஓடியது. மெஷின் முன்னறையில் துணி போர்த்தி நின்றது. அதைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் போக வேண்டும், வர வேண்டும். பேட்ஜ் ஆர்டர் கொடுத்தவர்கள் ஒரு வாரம் பார்த்தார்கள், அப்புறம் வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் திறக்கும் தேதி காத்திருக்காது. அத்தான் சைக்கிளில் வீடு வீடாகப் போய் பழைய தையல் மெஷின்களைச் சரிசெய்தார். அக்கா யாரோ கொண்டுவந்து போடும் துணிகளில் பட்டன் தைத்தாள். உட்கார்ந்துதான் தைத்தாள், அந்த ஒரு விஷயம் மட்டும் நடந்தது. ஆனால் அதில் வருவது காய்கறிக்கே காணவில்லை.

சாப்பிடும்போது அத்தானின் கண் அடிக்கடி அந்தத் துணி மேலேயே போகும். "அதுக்குள்ள துரு ஏறிடும்" என்பார். "ஏறட்டும்" என்பாள் அக்கா.

சிரிப்புக்காரர் தரப்பிலிருந்து பதில் வந்தது. அதை அத்தானுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். இயந்திரம் புதியது, எந்தக் கோளாறும் இல்லை, வாங்கியவருக்கு அதைக் கையாளும் திறமை போதாததால் நூல் அறுகிறது என்று எழுதியிருந்தார்கள்.

அத்தான் அந்த வரியை மறுபடி படிக்கச் சொன்னார். படித்தேன்.

"திறமை போதாதா?" என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. அன்றும் உயரவில்லை. ஆனால் முகம் செத்துவிட்டது.

அடுத்து மன்றம் ஒரு நிபுணரை நியமித்தது. பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்தும் மனிதர். வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வீட்டுக்கே வந்து, இரு தரப்பின் முன்னால் மெஷினை ஓட்டிப் பார்த்து அறிக்கை தருவார். திங்கட்கிழமை சாயங்காலம் போய் அதைச் சொல்லிவிட்டு வந்தேன். செவ்வாயும் புதனும் அலுவலகத்தில் வேலை கழுத்தை நெரித்தது. அந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. அந்த இரண்டு நாளில் ஒரு நாளாவது போயிருக்கலாம். போயிருந்தால் இந்தக் கதையே வேறு.

வியாழக்கிழமை முன்னறையில் நிற்க இடமில்லை. நிபுணர், சிரிப்புக்காரர், அவருடைய வக்கீல், எங்கள் மேடம், நான். அத்தான் சலவைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரியிருந்தார். அக்கா எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தாள். நிபுணர் "ஆரம்பிக்கலாமா?" என்றார். அத்தான் துணியை எடுத்தார்.

மெஷின் பளபளவென்று இருந்தது. ஷோரூமில் பார்த்தேனே, அதைவிடப் பளபளவென்று இருந்தது.

அத்தான் நூல் கோத்து, துணியை மாட்டி, பொத்தானை அழுத்தினார். ஆறு ஹெட்டும் ஒரே தாளத்தில் ஓடின. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். பதினைந்து நிமிஷம் ஆனபோது மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இருபது. நான்காம் ஹெட்டில் நூல் அறவில்லை. ஒரு தையல் தவறவில்லை. நாற்பது நிமிஷம் ஓடியது. நிபுணர் குனிந்து அடிமூடியைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்தார்.

"ஹூக் புதுசாத்தானே இருக்கு?" என்றார்.

முதல் பத்து நிமிஷம் அத்தானின் முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். பெருமை இருந்தது. கம்பெனியில் வெளிநாட்டு ஆட்கள் பார்வையிட வரும் நாட்களில் அவர் மெஷின்களுக்குப் பக்கத்தில் அப்படித்தான் நிற்பார் என்று அக்கா சொல்லியிருக்கிறாள். இருபதாவது நிமிஷத்தில் அந்த முகம் வெளுக்க ஆரம்பித்தது.

"சார், அந்த ஹூக்கை நான்தான் மாத்தினேன்" என்றார். "நேத்து புதுசு வாங்கி மாத்தினேன். பழசு அந்த டப்பாவுல இருக்கு. ஷாஃப்ட் பள்ளத்துக்கும் பித்தளைத் தகடு ஒண்ணு வெட்டி வச்சேன். அதான் ஓடுது."

நிபுணர் டப்பாவில் இருந்த தேய்ந்த ஹூக்கை எடுத்துப் பார்த்தார். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு வாய் கொள்ளாத சந்தோஷம்.

"சார், இது எந்த மெஷின்லேர்ந்து வந்ததோ யாருக்குத் தெரியும்? இவர் வேலையே மெஷின் ரிப்பேர். வீட்ல இப்படி நூறு கிடக்கும். தவிர, வாங்குனவர் மெஷினைத் திறக்கக்கூடாதுன்னு ஒப்பந்தத்துல இருக்கு. இவரே திறந்தேன்னு சொல்றாரு. எழுதிக்குங்க சார்."

நிபுணர் எழுதிக்கொண்டார். அவரும் பாவம், கண்ணால் பார்த்ததைத்தானே எழுத முடியும்.

எல்லோரும் போனபின் மேடம் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "ஏங்க இப்படிப் பண்ணீங்க?"

"தூசி தட்டத்தான் திறந்தேன் மேடம்" என்றார் அத்தான். "எனக்குத் திறமை இல்லன்னு எழுதியிருக்கான். வர்றவர் எதிர்ல பதினஞ்சு நிமிஷத்துல பட்டுன்னு நூல் அறுந்தா, இவனுக்கு ஓட்டத் தெரியல, சும்மா கேஸ் போட்டுருக்கான்னுதான நினைப்பாரு? என்னால முடிஞ்ச அளவு சரி பண்ணி வச்சும் இது ஓடலன்னு காட்டணும்னு நினைச்சேன். தகடு வச்சா இன்னும் அஞ்சு நிமிஷம் கூட ஓடும், அப்புறம் நின்னுடும்னு நினைச்சேன். இவ்வளவு நல்லா நிக்கும்னு நான் எதிர்பார்க்கல."

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் செய்ததிலேயே சிறந்த வேலை அதுதானாம். இதைவிட ஒரு மனுஷன் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்ள முடியுமா? கத்த வேண்டும் போல இருந்தது. அக்கா மூலையில் நின்றுகொண்டு, "நேத்து துடைக்கத் துணி கேட்டாரு. நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றாள். அதற்குமேல் கத்த எனக்கு மனசு வரவில்லை.

மத்தியானம் இரண்டு மணிக்கு அத்தான் மறுபடி மெஷினை ஓட்டினார். இரண்டரைக்கு நான்காம் ஹெட்டில் நூல் அறுந்தது.

மறு ஆய்வுக்கு மேடம் மனு போட்டார். எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது. இப்போது மெஷினில் எதைக் காட்டினாலும், இவர் திறந்ததால் வந்த கோளாறு என்று சொல்லிவிடுவார்கள். புது மெஷின் கேட்கும் வழி அடைபட்டது. திருப்பிக் கொடுக்கும் வழியும் அடைபட்டது, ஏனென்றால் வந்த மாதிரி அது இப்போது இல்லை. நஷ்ட ஈடு ஒன்றுதான் மிச்சம், அதுவும் பழைய மெஷின் என்று நிரூபித்தால்தான். நிரூபிக்க இருந்த தேய்மானத்தை எல்லாம் அத்தானே தேய்த்து மெருகேற்றிவிட்டார். மூன்று வழியையும் ஒரு மனிதன் ஒரு பழைய துணியால் துடைத்துப் போட்டதை நான் முதல்முறை பார்த்தேன்.

இதற்கிடையில் அக்கா யாரிடமும் சொல்லாமல் பழைய கம்பெனிக்குப் போய் வேலை கேட்டுவிட்டு வந்திருந்தாள். தினக்கூலிக்கு வரச் சொன்னார்களாம். அதே செக்கிங் டேபிள். தெரிந்ததும் அத்தான் பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவினார்.

அடுத்த வாரம் சிரிப்புக்காரரே வீடு தேடி வந்தார். சிரித்தார். நாற்காலியில் உட்காராமல் மெஷினுக்கு முன்னால் போய் நின்றார்.

"எங்க ஆளுங்க ஆறு பேர் சேர்ந்து ஒரு மாசம் பார்த்தும் இந்த நாலாவது ஹெட்டை நாற்பது நிமிஷம் ஓட வைக்க முடியலங்க. நீங்க ஒரே நாள்ல பண்ணிட்டீங்க" என்றார்.

அதாவது அது பழையது என்று அக்கா வீட்டு முன்னறையில் நின்று அவரே சொன்னார். கேட்டது அக்காவும் அத்தானும் மட்டும். மன்றத்தில் அதைச் சொல்ல அவருக்குப் பைத்தியமா?

கேஸை வாபஸ் வாங்கினால் மெஷினை எடுத்துக்கொண்டு பாதிப் பணம் தருவதாகச் சொன்னார். மாதச் சம்பளத்தில் சர்வீஸ் மெக்கானிக் வேலையும் உண்டு என்றார். அத்தான் அக்காவின் காலைப் பார்த்தார். அப்புறம் சரி என்றார். வாபஸ் மனுவை நான்தான் டைப் அடித்தேன். வேலையைப் பற்றி அந்தத் தாளில் ஒரு வரியும் இல்லை. வேலைக்கான ஒப்பந்தத்தில் சிரிப்புக்காரரின் அலுவலகத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார், என்னிடம் காட்டவில்லை. எனக்கும் மேடத்திடம் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஒரு வருஷம் நிம்மதி என்றுதான் நினைத்தோம். அத்தான் காலையில் போய் இருட்டுவதற்குள் வந்துவிடுவார். அக்கா கம்பெனிக்குப் போகவில்லை. காலில் வீக்கம் வடிந்தது. அத்தான்தான் பேசுவதைக் குறைத்துக்கொண்டே வந்தார். அவர் என்றைக்கு வாயாடினார் என்று நானும் விட்டுவிட்டேன். நகக்கண்ணில் எண்ணெய் அழுக்குக்குப் பதிலாக வெள்ளைப் பெயின்ட் ஒட்டியிருந்ததை ஒருநாள் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை.

ஒரு புதன்கிழமை ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் மருமகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மகன் இறந்துவிட்டான், மருமகள் பிழைக்கட்டும் என்று ஓய்வுப் பணத்தில் எம்பிராய்டரி மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஆறு ஹெட். சிரிப்புக்காரரிடம். மூன்று மாதம் நன்றாக ஓடியிருக்கிறது. அப்புறம் ஒவ்வொரு ஹெட்டாகப் படுத்துவிட்டது.

"ரெண்டு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டிட்டோம்மா. மெஷின் புதுசுதான்னு சொல்றாங்க. ஒரு கீறல் இல்ல. ஆனா உள்ள இதெல்லாம் இருந்துச்சு" என்று அந்தப் பெண் கைக்குட்டையைப் பிரித்தாள். மெல்லிய பித்தளைத் தகடுகள். ஆறு. ஒவ்வொன்றின் முனையும் அரத்தால் ராவி மழுக்கப்பட்டிருந்தது, எடுப்பவர் விரலைக் கிழிக்காதபடிக்கு. அவ்வளவு அக்கறையாக வேலை செய்கிற ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான்.

மேடம் அவர்களுக்கு அதே மூன்று வழிகளையும் பொறுமையாகச் சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"இது பழைய மெஷின்னு சொல்ல நல்ல மெக்கானிக் ஒருத்தர் வேணும். உங்க அத்தான் சாட்சி சொல்ல வருவாரா?"

"அவர் வெளியூர்ல இருக்காரு மேடம்" என்றேன். வாய் கூசாமல் பொய் சொன்னேன். அந்தப் பெண் என்னை நன்றியோடு பார்த்துவிட்டுப் போனாள். எதற்கு நன்றி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அன்று மாலையே அக்காவிடம் போய்க் கொட்டிவிட்டேன். வைத்துக்கொள்ள எனக்குத் திராணியில்லை. அக்கா பட்டன் தைத்துக்கொண்டிருந்தவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள்.

"எத்தனை தகடு?"

"ஆறு."

அத்தான் வந்ததும் கேட்டாள். அவர் மறுக்கவில்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். "மொத நாளே தெரிஞ்சுது. எல்லாம் பழசுதான். கப்பல்ல மொத்தமா வருது. நான் சரி பண்ணித் தர்றேன், பெட்டியில போட்டு அனுப்பறாங்க. எத்தனைன்னு எண்ணல."

"விட்டுடுங்க" என்றாள் அக்கா. "நாளைக்கே விட்டுடுங்க."

அத்தான் பீரோவைத் திறந்து அந்த ஒப்பந்தத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். படித்தேன். ஐந்து வருஷம். இடையில் விலகினால், மெஷினுக்காகத் திருப்பித் தந்த பாதிப் பணம் வேலைக்கான முன்பணமாகக் கருதப்பட்டு வட்டியோடு வசூலிக்கப்படும். முதலாளியின் தொழில் விவரங்களை வெளியில் யாரிடமும் சொல்லக்கூடாது. சொன்னால் அதற்குத் தனியாக நஷ்ட ஈடு. அந்தப் பாதிப் பணம் எப்போதோ கடனுக்கும் அக்காவின் வைத்தியத்துக்கும் போயாயிற்று.

மறுநாள் அதை மேடத்திடம் கொண்டுபோய், தெரிந்தவர் ஒருவருடையது என்றும், பழைய மெஷினைப் புதுசாக்கி விற்கிற இடத்து வேலை என்றும் சொன்னேன். மேடம் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இவர் விட்டுட்டுப் போனா வாக்கு மீறினவர் இவர்தான். பாதிக்கப்பட்டவர் முதலாளி. அவருக்குத்தான் வழி நிறைய இருக்கு. பணத்தைக் கேக்கலாம், நஷ்டம் கேக்கலாம், வேற எங்கயும் இதே வேலை பார்க்கக்கூடாதுன்னு தடை கேக்கலாம். ஏமாத்து வேலைக்குப் போட்ட ஒப்பந்தம் செல்லாதுன்னு இவரும் வாதாடலாம். ஆனா அதுக்கு, ஒரு வருஷமா அந்த ஏமாத்து வேலையைத் தெரிஞ்சே செஞ்சேன்னு இவர் வாயாலயே சொல்லணும். சொன்னா இவர் மேலயும் கேஸ் வரும்." தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "யாரும்மா இது, உங்க அத்தானா?" என்று மெதுவாகக் கேட்டார். நான் தாளை மடித்துக்கொண்டு என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

அத்தான் வேலைக்குப் போவதை நிறுத்தவில்லை. நிறுத்த முடியவில்லை. அந்தத் திங்கட்கிழமை அக்கா காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு பழைய கம்பெனிக்குத் தினக்கூலிக்குக் கிளம்பினாள். அத்தான் வாசலை மறித்து நின்றார். அவர் அழுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நீ நிக்கக் கூடாதுன்னுதான அங்க போய் உக்காந்திருக்கேன்? உனக்காகத்தான்..."

"எனக்காகன்னு மட்டும் சொல்லாதீங்க" என்றாள் அக்கா. "அந்தப் பொண்ணு முகத்தை இவ பார்த்துட்டு வந்துருக்கா. அந்தச் சோறு எனக்கு இறங்காது."

அவர் விலகி வழிவிட்டார்.

நாலு மாதமாகிறது. அக்காவின் இடது கணுக்காலுக்கு மேலே புண் வந்துவிட்டது. டாக்டர் சொன்னபடியே அது ஆறவில்லை. நேற்று நான் போனபோது அவள் வேலையிலிருந்து வந்து கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். அத்தான் வெந்நீரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு வந்து தரையில் உட்கார்ந்தார். புண்ணின் கட்டைப் பிரிக்கப் போன அவர் கை காலில் பட்டது. அக்கா காலை இழுத்துக்கொண்டாள்.

"சின்னவ கட்டி விடுவா" என்றாள்.

அத்தான் பஞ்சை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார்.